‘வாட்’ கேட்டால் போதுமா? ஆங்கில ஆப்ஜெக்ட் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களுக்கு ‘எஸ் வி ஐஓ டிஓ’ (சப்ஜெக்ட், வெர்ப், இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், டைரக்ட் ஆப்ஜெக்ட்) என்ற எழுத்து வரிசை மறந்திருக்காது. கூடவே ஒரு குறுக்கு வழியும் நினைவிருக்கும். வெர்பைப் பார்த்து ‘வாட்’ என்று கேட்டால் கிடைப்பது டைரக்ட் ஆப்ஜெக்ட். ‘ஹூம்’ என்று கேட்டால் கிடைப்பது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட். பரம்பரைச் சொத்துபோல இந்த உத்தி வகுப்புக்கு வகுப்பு கைமாறி வருகிறது. பாதி இடங்களில் கைகொடுக்கவும் செய்கிறது. மீதிப் பாதியில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

‘ஷி கேவ் ரவி எ பென்’ என்ற வாக்கியத்தில் உத்தி பிசகாமல் வேலை செய்யும். ‘ஷி சா ரவி’ என்று மாற்றிப் பாருங்கள். ‘ஹூம்’ என்று கேட்டால் ரவி கிடைக்கிறான். ஆனால் அவன் இங்கே டைரக்ட் ஆப்ஜெக்ட். பார்த்தல் என்ற செயல் நேராக அவன் மீதுதான் விழுகிறது. ‘ரவி பிகேம் எ டாக்டர்’ என்பதில் ‘வாட்’ கேட்டால் ‘எ டாக்டர்’ கிடைக்கும். அது ஆப்ஜெக்டே இல்லை. ரவியும் டாக்டரும் ஒரே ஆள் என்பதால் அது காம்ப்ளிமென்ட். ஆப்ஜெக்ட் என்றால் பெரும்பாலும் செயப்பாட்டு வாக்கியத்தில் எழுவாய் ஆக முடியும். ‘ரவி வாஸ் சீன்’ என்று சொல்லலாம். டாக்டரை அப்படி முன்னே கொண்டுவர வழியில்லை.

அடுத்த நம்பிக்கை தமிழ் வழியாக வருவது. ‘ஐ’ உருபு வந்தால் டைரக்ட், ‘கு’ உருபு வந்தால் இன்டைரக்ட் என்று பலரும் மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்க்கிறார்கள். ‘எனக்கு உதவினான்’ என்கிறோம். ஆனால் ‘ஹி ஹெல்ப்டு மீ’ என்பதில் உள்ள ‘மீ’ டைரக்ட் ஆப்ஜெக்ட். ‘ஆசிரியருக்குக் கீழ்ப்படி’, ‘கேள்விக்குப் பதில் சொல்’ என்பவற்றிலும் அதே கதைதான். அந்தக் ‘கு’ காதில் ஒலிப்பதால்தான் ‘ஒபே டு தி டீச்சர்’ என்று எழுதுகிறோம். அந்த ‘டு’ அங்கே தேவையே இல்லை. மாறாக, ‘அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்’ என்பதில் ‘கு’ இல்லை. ஆனால் ‘ஐ ஆஸ்க்டு ஹிம் எ கொஸ்டின்’ என்பதில் ‘ஹிம்’ இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் வேற்றுமை வடிவங்கள் செழிப்பாகவே இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’, ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’. இன்றைய ‘லைக்’ வினையும் அன்று தமிழின் ‘எனக்குப் பிடிக்கும்’ போலத்தான் நடந்துகொண்டது; பிடித்த பொருள் எழுவாய், பிடித்தவர் நான்காம் வேற்றுமை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் ‘மீதிங்க்ஸ்’ அந்த வழக்கத்தின் எச்சம்: ‘எனக்குத் தோன்றுகிறது’. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே தேயத் தொடங்கிய விகுதிகள், அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்துபோயின. ‘ஹினே’ மறைந்தது, ‘ஹிம்’ இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது.

உருபு போன பிறகு பொறுப்பு முழுக்கச் சொல் நிற்கும் இடத்துக்கு வந்தது. ‘கண்ணனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தான்’, ‘புத்தகத்தைக் கண்ணனுக்குக் கொடுத்தான்’ இரண்டும் தமிழில் ஒரே செய்தி. ஆங்கிலத்தில் ‘தி டாக்டர் ஷோட் தி மதர் தி பேபி’ என்றால் தாய் குழந்தையைப் பார்க்கிறாள். கடைசி இரு சொற்களும் இடம் மாறினால் குழந்தைதான் தாயைப் பார்க்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வெர்புக்குப் பின் எத்தனை ஆப்ஜெக்ட் என்பது. ஒன்றுதான் என்றால் பெரும்பாலும் அது டைரக்ட். இரண்டு அடுத்தடுத்து நின்றால் முன்னது இன்டைரக்ட். வட இங்கிலாந்துப் பேச்சில் ‘கிவ் இட் மீ’ என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. பொதுவழக்கில் இந்த வரிசை உறுதியானது.

இனி, அதிகம் சறுக்கவைக்கும் நம்பிக்கை. ‘டெல் மீ’ சரி என்றால் ‘எக்ஸ்பிளெய்ன் மீ திஸ் லெசன்’ என்பதும் சரிதானே? ‘சஜெஸ்ட் மீ எ குட் புக்’ என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள்! இரண்டும் பொதுவழக்கு ஆங்கிலத்தில் ஏற்கப்படுவதில்லை. ‘எக்ஸ்பிளெய்ன் திஸ் லெசன் டு மீ’ என்றே வர வேண்டும். கிவ், டெல், சென்ட், ஷோ போன்றவை ஜெர்மானிய வேர் கொண்ட குட்டைச் சொற்கள். இரட்டை ஆப்ஜெக்டை இயல்பாக ஏற்கும். எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், டிஸ்கிரைப், டொனேட் போன்ற லத்தீன் வழிச் சொற்கள் பெரும்பாலும் ஏற்காது. இது போக்குதான், சட்டமல்ல: லத்தீன் வழி வந்த ‘ஆஃபர்’, ‘ப்ராமிஸ்’ இரண்டும் தாராளமாக ஏற்கின்றன. மொழி ஆய்வாளர் ஸ்டீவன் பிங்கர் 1989இல் வெளியிட்ட ‘லேர்னபிலிட்டி அண்ட் காக்னிஷன்’ நூலில் இந்தப் புதிரை விரிவாக ஆராய்ந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இதே தவறைச் செய்வதுண்டு. ஆகவே தமிழ் மாணவர் இதற்காகக் கூனிக்குறுக வேண்டியதில்லை; வினையோடு சேர்த்து அமைப்பையும் மனதில் பதித்துக்கொள்வதே வழி.

இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் பின்னால் போனால் எப்போதும் ‘டு’ வரும் என்பதும் தவறு. பை, குக், மேக் ஆகியவற்றுக்கு ‘ஃபார்’. ‘இட் காஸ்ட் மீ 500 ருபீஸ்’ என்பதில் ‘மீ’யைப் பின்னால் தள்ளவே முடியாது.

இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் எப்போதும் ஆளாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ‘கிவ் தி டோர் எ புஷ்’ என்பதில் கதவுதான் இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்.

கடைசியாக ஒரு வழக்கு. ‘ஐ கேவ் எ புக் டு ஹிம்’ என்பதில் ‘டு ஹிம்’ இன்டைரக்ட் ஆப்ஜெக்டா? பழைய பள்ளி இலக்கணம் ஆம் என்கிறது. மொழியியலாளர்கள் ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் கொண்டுவந்த ‘தி கேம்பிரிட்ஜ் கிராமர் ஆஃப் தி இங்கிலீஷ் லாங்குவேஜ்’ இல்லை என்கிறது. பிரிபோசிஷனோடு வருவதை அது இன்டைரக்ட் ஆப்ஜெக்டாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொருள் ஒன்றாக இருந்தாலும் அமைப்பு வேறு என்பது அவர்கள் வாதம். செயப்பாட்டு வாக்கியம் அதற்கு வலுச்சேர்க்கிறது. ‘ஐ கேவ் ஹிம் எ புக்’ என்பதிலிருந்து ‘ஹி வாஸ் கிவன் எ புக்’ இயல்பாகப் பிறக்கிறது. ‘டு ஹிம்’ உள்ள வாக்கியத்திலிருந்து பிறப்பதோ ‘எ புக் வாஸ் கிவன் டு ஹிம்’. மாணவர்கள் தேர்வில் தங்கள் பாடநூல் சொல்வதையே எழுதலாம். ஆசிரியர்களோ, இதில் இரண்டு கருத்துகள் உண்டு என்பதை வகுப்பிலேயே சொல்லிவிட்டால், வேறு புத்தகத்தைத் திறக்கும் மாணவர் குழம்ப மாட்டார்.