மருதோன்றி கோன் விற்பவர்களும் போடுபவர்களும் அறிய வேண்டியவை

பெருநாள் நெருங்கும்போதும் கல்யாணச் சீசன் தொடங்கும்போதும் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் சகோதரிகளில் பலர் மருதோன்றித் தொழிலைப் பற்றித்தான் கேட்பார்கள். வீட்டில் இருந்தபடியே செய்யலாம், முதல் அதிகம் தேவையில்லை, கைத்திறன் இருந்தால் போதும் என்பது அவர்களது எண்ணம். அது பெரும்பாலும் சரியானதே. ஆனால் கைத்திறனுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விடயங்கள் இருக்கின்றன.

சென்ற மாதம் என் தங்கையின் மகள் வந்தாள்.

"மாமா, நான் மெஹந்தி போடுற தொழில் தொடங்கப் போறன். புறக்கோட்டையில கோன் மொத்தமா எடுத்துத் தாங்களேன்."

"எந்தக் கோன் மகள்?"

"கறுப்பா, கெதியாப் பிடிக்கிற கோன். எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதை இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் காலம். என் கடையில் அழகுசாதனப் பொருட்களும் இருந்தன. மொத்த வியாபாரி ஒருவர் புதுக் கோன் என்று சொல்லி மூன்று பெட்டிகள் தந்தார். ஐந்து நிமிடத்தில் கறுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பெருநாளுக்கு முன்பே மூன்று பெட்டிகளும் முடிந்தன. நல்ல இலாபம். பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள், எங்களூர்க்காரர் ஒருவர் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பிள்ளையின் புறங்கையில் பூவும் கொடியும் போட்ட இடமெல்லாம் அதே வடிவத்தில் கொப்புளமாகியிருந்தது. நான் அவசரமாக லாச்சியைத் திறந்து பணத்தை எடுத்தேன். அவர் கையை மறித்தார்.

"காசு வேணாம் நானா. இதுல என்ன கலந்திருக்கென்று மட்டும் சொல்லுங்க. டொக்டர் கேக்கிறார்."

வெறும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளடக்கம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. தந்த வியாபாரியைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. நான் விற்ற பொருளில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது என்பதை அந்தப் பிள்ளையின் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. புண் ஆறிவிட்டது. பூவின் அடையாளம் பல மாதங்கள் இருந்தது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

மருதோன்றி இலையில் லோசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்களவே அது இருக்கும். அது தோலின் மேற்படையிலுள்ள புரதத்தோடு சேர்ந்து நிறத்தைக் கொடுக்கிறது. பசையை எடுத்தவுடன் செம்மஞ்சளாக இருக்கும். பிறகு காற்றுப்பட்டு, ஏறத்தாழ 48 மணித்தியாலங்களில் செங்கபிலமாகவோ கடுங்கபிலமாகவோ மாறும். உடனடியாகக் கறுப்பைத் தரும் சக்தி இந்த இலைக்கு இல்லை.

எனவே ஒரு கோன் சில நிமிடங்களில் அல்லது ஓரிரு மணித்தியாலத்தில் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால், அதில் வேறு ஏதோ கலக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது தலைமயிர்ச் சாயத்தில் பாவிக்கப்படும் பராபினைலின்டையமின் ஆகும். சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். தலைமயிர்ச் சாயத்தில் கூட, பூசும் நிலையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரையறுத்துள்ளது. தோலில் பூசுவதற்கு அங்கு அனுமதியே இல்லை. ஆனால் கறுப்பு மருதோன்றியைப் பரிசோதித்த பல நாடுகளில் இதைவிடப் பன்மடங்கு அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமைத் தோல் மருத்துவர் சங்கம் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகத் தெரிவு செய்ததும் இதே பிபிடியைத்தான்.

கொப்புளம் உடனே வராமல், சில நாட்கள் கழித்தும் வரலாம். ஒருமுறை உடம்பு இதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். ஒன்பது வயதில் கையில் புண் வந்த பிள்ளை நாற்பது வயதில் தலைமயிர்ச் சாயம் பூசும்போது முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடலாம். நமது சிறு இலாபத்துக்கு இன்னொருவர் கொடுக்கும் விலை இதுவாகும்.

தூளைத் தெரிவு செய்தல்

ஆகவே என் மருமகளிடம் சொன்னேன்: "கோன் வாங்காதே மகள், தூள் வாங்கு." கோனை நாமே செய்தால் அதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கும்.

நமது சந்தைக்கு வரும் தூளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. ராஜஸ்தானின் சோஜத் பகுதி மருதோன்றிக்குப் பேர்போனது. அதற்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொள்வனவு செய்யும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பக்கெட்டில் மருதோன்றி இலை மாத்திரமே உள்ளடக்கமாக இருக்க வேண்டும். தலைமயிருக்கென்று விற்கப்படும் தூளில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம். இரண்டாவது, அறுவடை ஆண்டைக் கேளுங்கள். பழைய தூள் கபில நிறமடைந்து, சாயம் குறைந்திருக்கும். மூன்றாவது, கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். சிறிதளவை நீரில் கரைத்து வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விடுங்கள். பளிச்சென்ற பச்சை பரவினால் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நான்காவது, முதல் தடவை 100 கிராம் மட்டும் வாங்கி உங்கள் கையிலேயே போட்டுப் பாருங்கள். விலை மலிவென்று ஐந்து கிலோ வாங்கி மூலையில் போடுவது வியாபாரமல்ல.

உபகரணங்களும் பசையும்

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று, கண்ணாடிப் பாத்திரம், மிக நுண்ணிய துணி வடி, கோன் சுற்றும் செலபேன் தாள், டேப், குளிர்சாதனப் பெட்டியில் சிறிது இடம். இவ்வளவுதான். இவற்றில் வடியை அலட்சியம் செய்ய வேண்டாம். தூளில் ஒரு நார் இருந்தாலும் கோனின் நுனி அடைபடும், கோடு கோணலாகும்.

அளவு: தூள் 100 கிராம், சீனி 30 கிராம், தோலுக்கு ஏற்ற வாசனை எண்ணெய் 30 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு அல்லது நீர் 250 முதல் 300 மில்லிலீற்றர். தேயிலை மர எண்ணெய், லெவண்டர் எண்ணெய் போன்றவை ஏற்றவை. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் லெவண்டர் தவிர்ந்த எண்ணெய்களைத் தவிருங்கள். நிறம் கூடும் என்று பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் கலப்போரும் உண்டு. அதை ஒருபோதும் செய்ய வேண்டாம். கலந்த பசையை மூடி, நமது வெப்பத்தில் எட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் வையுங்கள். பிறகு உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடையுங்கள். செம்மஞ்சள் தெரிந்தால் பசை தயார்.

இப்படிச் செய்த கோன் வெளியில் ஓரிரு நாளில் சாயமிழக்கும். குளிரில் சில நாட்களும், உறைநிலையில் சில மாதங்களும் தாங்கும். இதிலிருந்து கடைக்காரர்களாகிய நாமும் ஒன்றை விளங்கிக்கொள்ளலாம். ராக்கையில் ஆறு மாதம் கெடாமல் இருக்கும் கோன் இலையும் நீரும் மட்டும் கொண்டதாக இருக்க முடியாது. அதில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டே கையிருப்பு எடுக்க வேண்டும்.

தோலைத் தயார்படுத்தல்

வாடிக்கையாளரிடம் முதலில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கையில் வெட்டுக்காயம், சொறி, எக்ஸிமா இருக்கிறதா? முன்பு தலைமயிர்ச் சாயமோ கறுப்புக் கோனோ போட்டு அரிப்பு வந்ததா? ஜீ6பிடி குறைபாடு இருக்கிறதா? எப்போது விசேஷம்? ஜீ6பிடி குறைபாடுள்ளவர்களுக்கு மருதோன்றி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். கைக்குழந்தைகளுக்கு அக்குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரிந்திராது. ஆகவே உம்மாமார் எவ்வளவு ஆசைப்பட்டாலும் கைக்குழந்தைக்குப் போடாதீர்கள். புது வாடிக்கையாளருக்கு முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது.

வெக்ஸிங், ஸ்கிரப் எல்லாம் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். பிறகு செய்தால் நிறம் ஏறிய மேற்தோலே உரிந்து போய்விடும். போடும் நாளில் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, எண்ணெய், லோஷன் எதுவும் பூசாமல் வரச் சொல்லுங்கள். காய்ந்ததும் தேசிக்காய்ச் சாறும் சீனியும் கலந்து மெதுவாக ஒற்றினால் பசை உதிராது. ஆறு முதல் எட்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். இஷாவுக்குப் பின் போட்டு ஸுபஹுக்கு எடுப்பது பலருக்கு வசதி. எடுக்கும்போது கழுவாமல் சுரண்டி எடுத்து, அன்று முழுவதும் இயன்றவரை நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வுழூச் செய்யும் நீரைத் தவிர்க்க முடியாது. அதற்குமுன் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, நிறம் மங்காமல் காக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். எண்ணெய்ப் படை தோலில் நீர் சேர்வதைத் தடுக்கக்கூடும் என்பதால் அதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை என்றால் வியாழன் இரவு போடுங்கள். வெள்ளி காலையில் செம்மஞ்சளாக இருக்கும் கை, ஞாயிறன்று நன்கு சிவந்திருக்கும். உள்ளங்கையைவிடப் புறங்கை வெளிறியே பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணக்கு

மேற்சொன்ன அளவில் ஏறக்குறைய 450 கிராம் பசை வரும். கோனுக்கு 25 கிராம் வீதம் 18 கோன். இரண்டு வீணானாலும் 16 மிஞ்சும். பொருட்செலவை 18ஆல் அல்ல, 16ஆல் பிரித்து ஒரு கோனின் அடக்கவிலையைக் காணுங்கள். மணப்பெண்ணுக்கு நான்கைந்து மணித்தியாலம் குனிந்திருந்து போட வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் கூலி சேர்க்காமல் கோனின் விலையோடு இலாபம் பார்ப்பவர்கள் ஆறு மாதத்தில் தொழிலை விட்டுவிடுகிறார்கள்.

நாளைக்குக் கல்யாணம், இன்றே கறுக்க வேண்டும் என்று கேட்டு வருபவரை என்ன செய்வது என்று மருமகள் கேட்டாள். இல்லையென்று சொல்லி அனுப்பச் சொன்னேன். அந்த ஒரு வருமானம் போகும், உண்மைதான். நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று நமது மார்க்கமும் சொல்கிறது. ஆனால் எனக்கு இவ்விரண்டையும் ஞாபகப்படுத்துவது அந்தப் பிள்ளையின் கைதான்.

அவள் இப்போது ஒவ்வொரு கோனிலும் சிறு லேபல் ஒட்டுகிறாள். இலை, சீனி, தேசிக்காய், லெவண்டர் எண்ணெய், செய்த திகதி. எழுதுவதற்கு ஒரு நிமிடம் ஆகிறது. 2006இல் என் பெட்டியில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் டொக்டரின் கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வேறொரு தொழிலுடன் சந்திப்போம்.