சர்வர் அறையும் ஓர் அமானிதம்தான்

கல்வி – வேலைவாய்ப்புப் பகுதி

 

டிப்ளமோ, பி.சி.ஏ. முடித்த நம் பிள்ளைகள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் பிரிவு வேலைக்குப் போகிறார்கள். "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால், "கம்பெனியில கம்ப்யூட்டர் பார்க்கிறான்" என்பதற்கு மேல் வீட்டில் சொல்லத் தெரிவதில்லை. அந்த வேலை என்ன, கோளாறு வந்தால் அதை எந்த வரிசையில் தேடுவது, அதில் நம் பிள்ளைகள் தலையில் ஏறும் பொறுப்பு என்ன என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

சர்வர் என்றால் என்ன?

நம் ஜமாஅத் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யார் உறுப்பினர், யாரிடம் எந்தச் சாவி என்பதற்கு ஒரு பதிவேடு இருக்கும். தொழிற்சாலையில் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். விண்டோஸ் சர்வரில் அந்தப் பதிவேட்டின் பெயர் ஆக்டிவ் டைரக்டரி. காலையில் ஓர் ஊழியர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், அவர் யார், எதைத் திறக்கலாம் என்று சொல்வது அதுதான்.

அதற்குத் துணையாக இரண்டு சேவைகள் உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவிலக்கம் போல ஓர் ஐபி எண்ணைக் கொடுப்பது டிஎச்சிபி. பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ்.

வாசலில் பதியும் வருகைப் பதிவு, கேன்டீன் கணக்கு, பெட்டியில் ஒட்டும் லேபிள், லாரிக்குக் கொடுக்கும் சலான் என எல்லாம் இந்த நெட்வொர்க்கின் மேல்தான் ஓடுகின்றன. லேபிள் அச்சாகாவிட்டால் சரக்கு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும். வருகைப் பதிவு விழாவிட்டால் காண்ட்ராக்ட் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கே கேள்வி வந்துவிடும். ஆகவே சர்வர் அறையில் இருப்பவர் கையில் பலருடைய ரிஸ்கு சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஒரகடம் வரை வந்த வைரஸ்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவத் தொடங்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் ஆலைகள் சிலவற்றில் உற்பத்தியை நிறுத்தியது. நம் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ரெனோ–நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு தேதி. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது. கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் எஸ்எம்பி என்ற பழைய வழியில்தான் அந்த ஓட்டை இருந்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் மாட்டினால், பேட்ச் போடாத பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கு அது தானாகவே தாவியது.

பேட்ச் போடாமல் விட்டதற்கு எல்லா இடத்திலும் சோம்பல் காரணமல்ல. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சில இயந்திரங்கள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். இந்த நிலையில் வேலை பார்ப்பவர் செய்யக் கூடியவை உண்டு. மாதம் ஒரு முறை பராமரிப்பு நேரம் வேண்டும் என்று மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பேட்ச் போட முடியாத இயந்திரத்தை மற்றவற்றோடு கலக்காமல் தனி நெட்வொர்க்கில் ஒதுக்க வேண்டும். பழைய எஸ்எம்பி 1 பதிப்பைத் தேவையில்லாத இடங்களில் நிறுத்தி வைக்க வேண்டும்.

அதே சமயம், புதிதாக வந்ததை ஒரே நாளில் எல்லாவற்றிலும் போட்டுவிடுவதும் ஆபத்து. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான மாற்றத்தால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தோம். முதலில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மற்றவற்றில் போடுவதே நிதானமான முறை.

கோளாறைத் தேடும் வரிசை

ஒளூவுக்கு ஒரு வரிசை இருப்பதைப் போல இதற்கும் உண்டு. எடுத்த எடுப்பில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் கோளாறு மறைந்து போகலாம். காரணம் தெரியாததால் அடுத்த வாரம் திரும்பவும் வரும்.

1. முதலில் கேளுங்கள். ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? எப்போதிலிருந்து? நேற்று யாராவது எதையாவது மாற்றினார்களா? பாதி விடை இந்தக் கேள்விகளிலேயே கிடைத்துவிடும்.

2. கேபிள், சுவிட்சில் எரியும் விளக்கு, யுபிஎஸ் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள்.

3. ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், அந்தக் கம்ப்யூட்டருக்கு டிஎச்சிபி-யிடமிருந்து எண் கிடைக்கவில்லை என்று பொருள். கேபிள் வழி துண்டாகியிருக்கலாம். டிஎச்சிபி சேவை நின்றிருக்கலாம். கொடுப்பதற்கு எண்கள் தீர்ந்திருக்கலாம்.

4. எண்ணைக் கொடுத்து பிங் செய்தால் பதில் வருகிறது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் டிஎன்எஸ் பக்கம் பாருங்கள். இன்டர்நெட் வேகமாக வரட்டும் என்று யாராவது டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று வெளி எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். இன்டர்நெட் வரும், ஆனால் டொமைன் எங்கே இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரியாதே! லாகின் இழுக்கும், ஷேர் ஃபோல்டர் திறக்காது. அங்கே கம்பெனியின் சொந்த டிஎன்எஸ் சர்வர் எண்தான் இருக்க வேண்டும்.

5. கடிகாரத்தைப் பாருங்கள். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகின் மறுக்கப்படலாம். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோய், தேதி பல வருடம் பின்னால் போயிருப்பதும் உண்டு. இகாமத் நேரத்துக்குப் பள்ளிவாசல் கடிகாரத்தை ஒத்துக்கொள்வது போல, எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும்.

6. ஒருவருடைய கணக்கு மட்டும் அடிக்கடி பூட்டிக்கொண்டால், அவர் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார். போனிலோ இன்னொரு கம்ப்யூட்டரிலோ பழைய பாஸ்வேர்டு இருக்கும். டொமைன் கன்ட்ரோலரின் ஈவென்ட் வியூவரில் 4740 என்ற எண்ணைத் தேடினால், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அது வருகிறது என்று தெரியும்.

7. சர்வரின் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பல சேவைகள் காரணம் சொல்லாமல் நின்றுபோவது இதனால்தான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததைத் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். அறிவிப்பாளர் தொடர் இல்லாத செய்தியை நம் ஆலிம்கள் ஏற்பதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தொடர் இல்லாத நெட்வொர்க்கும் அப்படித்தான்.

ஒட்டகத்தைக் கட்டுவது

பேக்கப் எடுப்பது தவக்குலுக்கு முரண் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவது அது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பொது விதி. சர்வரோடு எப்போதும் இணைந்தே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் வைரஸ் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரு பிரதியாவது கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு, 'வேறு இடம்' ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அமானிதம்

அட்மின் பாஸ்வேர்டு உள்ளவர் முதலாளியின் கடிதத்தையும் திறக்கலாம், சக ஊழியரின் சம்பளத்தையும் பார்க்கலாம். பார்க்க முடிவதும் பார்க்கலாமா என்பதும் வேறு வேறு. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையும், தேவைப்படும்போது மட்டும் அட்மின் கணக்கையும் பயன்படுத்துங்கள். வேலையை விட்டு வரும்போது எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

முக்கியமாக, எதையும் மறைக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை, வேலை போய்விடுமோ என்ற பயத்தில், வைரஸ் வந்ததைச் சொல்லாமல் தானே சரிசெய்யப் பார்க்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது நூறுக்குப் பரவிவிடும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய தாக்குதலைக் கம்பெனி 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நீங்கள் மறைத்தால் கம்பெனியும் சட்டச் சிக்கலில் மாட்டும்.

பெற்றோருக்கு

"எம்சிஎஸ்இ சான்றிதழ், நூறு சதவீத வேலை" என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பை அந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. வீட்டு லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு சர்வரும் ஒரு கம்ப்யூட்டரும் அமைத்து, மேலே சொன்ன கோளாறுகளை வேண்டுமென்றே உண்டாக்கிச் சரிசெய்து பழகலாம். பெண் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே கற்கலாம். திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம். அது பிறர் உரிமையை எடுப்பது. வைரஸ் வரும் வழியும் அதுவே.

ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள், படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுங்கள். பிறர் பயன்பெறும் கல்வியும் ஸதகாதான். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் அமானிதத்தைப் பேணும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்