சிறு தொழிலும் வருமான வரிக் கழிவும்

இந்தியாவில் தொழில் செய்வோருக்கு வருமான வரி, மொத்த வரவின் மீதன்று, லாபத்தின் மீதே விதிக்கப்படுகிறது. ஆகவே எச்செலவைக் கழிக்கலாம், எதைக் கழிக்கலாகாது என்றறிதல் அவசியமாகும்.

கிராமத்தில் மின்சாரச் செக்கு வைத்து எண்ணெய் விற்கும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். வேர்க்கடலை வாங்கிய விலை, ஆட்கூலி, மின்சாரக் கட்டணம், கடை வாடகை ஆகியவை தொழிற் செலவுகள், இவற்றைக் கழிக்கலாம். வீட்டுக்கு எடுத்த பணமும் கலியாணச் செலவும் கழிவாகா.

1. கடன்: சங்கத்தில் வாங்கிய தொழிற் கடனுக்கு அவர் ஒரு வருஷத்தில் அசல் ரூ. 50,000, வட்டி ரூ. 20,000 கட்டினார் என்க. வட்டி மட்டுமே செலவு.

2. இயந்திரம்: செக்கின் விலை ஒரு லட்சமானால், அதை ஒரே வருஷத்தில் கழிக்க இயலாது. சாதாரணமாக முதல் வருஷத்தில் தேய்மானம் 15 சதவிகிதம், அதாவது ரூ. 15,000. அவ்வருஷம் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அதில் பாதியே.

3. ரொக்கம்: 2017-18 முதல், ஒருவருக்கு ஒரே நாளில் ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழிவாகாது. விளைவித்த விவசாயியிடமே கடலை வாங்கினால் இத்தடையில்லை. வியாபாரியிடம் வாங்கினால் உண்டு.

சிறு வியாபாரிகள் விற்பனையில் 8 சதவிகிதத்தை (வங்கி மூலம் வந்த தொகைக்கு 6) லாபமாக ஒப்புக்கொள்ளும் முறையும் உண்டு. அதைத் தேர்ந்தவருக்கு மேற்கண்ட கழிவுகள் தனியே கிடையா.

ஆதலின் வீட்டுக் கணக்கையும் தொழிற் கணக்கையும் தனித்தனிப் புத்தகத்தில் அன்றன்றே எழுதி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துக. ருசுவில்லாத செலவு தள்ளுபடியானால், கையை விட்டுப் போன பணத்திற்கும் வரி கட்ட நேரும்.