கடன் தகுதி: ஓர் ஆய்வு நோக்கு

முன்னுரை

வசதி படைத்தவருக்கே வங்கி கடன் கொடுக்கும் என்பது பலரிடமும் நிலவும் எண்ணம். அது பாதி உண்மையே. இருசக்கர வண்டியோ குளிர்சாதனப் பெட்டியோ தவணையில் வாங்க விழையும் ஒருவரை நம் நாட்டில் கடன் தருவோர் எவ்வாறு எடைபோடுகின்றனர் என்பதைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருவாயும் சுமையும்

திங்கள்தோறும் 60,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவர் 35,000 ரூபாயைப் பழைய தவணைகளுக்குச் செலுத்துகிறார் எனக் கொள்வோம். 30,000 ரூபாய் பெறும் மற்றொருவருக்குக் கடன் ஏதுமில்லை. முன்னவர் கையில் எஞ்சுவது 25,000, பின்னவர்க்கோ 30,000. தவணைச் சுமை வருவாயில் பாதியைக் கடப்பின் கடன் தருவோர் பொதுவாகத் தயங்குவர். ஆகவே, குறைந்த ஊதியம் பெறுபவரே தகுதியுடையவராகக் கருதப்படலாம். இத்துடன் பணியின் நிலைப்பாடு, ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கின் வரவு செலவு ஆகியனவும் நோக்கப்படும்.

பழைய கணக்கு

அடுத்து ஆராயப்படுவது கடன் வரலாறு. இதனைத் திரட்டும் சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தோன்றியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய நிறுவனங்களை நெறிப்படுத்தியது. இன்று நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். தவணை தவறுதல், கடன் அட்டையின் வரம்பை ஒட்டிச் செலவிடுதல், குறுகிய காலத்தில் பல இடங்களில் விண்ணப்பித்தல் ஆகியவை அதனைக் குறைக்கும்.

பிணைக் கையெழுத்து

நம்மவர் பெரிதும் மறப்பது இதுவே. நண்பர் வாங்கும் கடனுக்கு ஆசிரியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்திடுகிறார். ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை. எனினும் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவகையாகக் கூறாதவரை, கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு பிணை நின்றவர்க்கும் உண்டு. அக்கடன் ஆசிரியரின் அறிக்கையிலும் இடம்பெறும். நண்பர் தவணை தவறினால், பின்னாளில் ஆசிரியர் தம் தேவைக்குக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். இரக்கத்தால் இட்ட கையெழுத்தைக் கணக்கேடு இரக்கத்தோடு படிப்பதில்லை.

நம் உரிமை

ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். பிழை காணின் முறையிடலாம். 30 நாள்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2024 முதல் நடைமுறையில் உள்ளது.

முடிவுரை

கடன் தருவோர் அளப்பது ஒருவரின் செல்வத்தையோ குணநலனையோ அன்று. திருப்பித் தரும் ஆற்றலையும், முன்பு தந்த வரலாற்றையுமே. மாணவர் பலர்க்குக் கல்விக்கடனே அவ்வரலாற்றின் முதற்பக்கம். அதனை உரிய நாளில் செலுத்துக. பிறர்க்காகக் கையெழுத்திடும் முன், அக்கடனைத் தாமே அடைக்க இயலுமா என எண்ணித் துணிக.