மேலா, கீழா?

கேள்வி: மரவள்ளி விற்ற பணத்தை ‘பைனரி ஆப்ஷன்’ செயலியில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் 80 சதவீத லாபம் என்கிறான் தம்பி மகன். அது என்ன? எத்தனை வகை?
– வாசகர் ஒருவர், வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: தங்கம், டாலர் போன்றவற்றின் விலை குறித்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று கணித்துப் பணம் கட்டுவது. பலித்தால் முன்பே பேசிய தொகை வரும்; தவறினால் கட்டியது முழுதும் போச்சு.

முக்கிய வகைகள் நான்கு. விலை இப்போதையதைவிட ஏறுமா இறங்குமா என்பது ‘மேல்–கீழ்’. குறித்த விலையை ஒருமுறையாவது தொடுமா என்பது ‘தொடுதல்’. இரண்டு விலைகளுக்கு நடுவே நிற்குமா என்பது ‘எல்லை’. படிப்படியாக வைத்த விலைகளில் எதுவரை தாண்டும் என்பது ‘ஏணி’. உயரப் படிக்குத் தொகை அதிகம், வாய்ப்பு குறைவு.

தம்பி மகன் சொன்ன 80 சதவீத லாபத்தையே வைத்துக் கணக்கைப் பாருங்கள். தலா 1,000 ரூபாயாகப் பத்து முறை கட்டி, ஐந்தில் ஜெயித்தால் வரவு 4,000. ஐந்தில் தோற்றால் செலவு 5,000. பாதிக்குப் பாதி ஜெயித்தும் 1,000 ரூபாய் நஷ்டம்! நூற்றுக்கு 56 முறையாவது ஜெயித்தால்தான் கைமுதல் தேறும்.

பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அங்கீகரித்த சந்தைகளில் இந்த வணிகமே கிடையாது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட எச்சரிக்கைப் பட்டியலில் பினோமோ, ஐக்யூ ஆப்ஷன், ஒலிம்ப் டிரேடு பெயர்கள் உண்டு. பிரிட்டன் 2019-இல் சிறு முதலீட்டாளர்களுக்கு இதை விற்கவே தடை போட்டது.

தம்பி மகன் ஏற்கெனவே பணம் கட்டி, எடுக்க முடியாமல் தவித்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.