வில்லோ மரப்பட்டையும் இரத்தத் தட்டுகளும்

விரலில் பிளேடு பட்டுவிட்டால் இரத்தம் கசிகிறது. சில நிமிடங்களில் தானே நின்றும் விடுகிறது. இதற்கு முதற்காரணம் இரத்தத் தட்டுகள் என்னும் நுண்ணிய துணுக்குகள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரை உள்ளன. காயம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் தட்டுகள் திராம்பாக்சேன் என்ற பொருளை வெளியிட்டு, மற்றத் தட்டுகளையும் அங்கே கூட்டுகின்றன. எல்லாம் சேர்ந்து ஓட்டையை அடைக்கின்றன.

நீரிழிவு நோயாளிகளுக்கு இந்த நற்பணியே வினையாவதுண்டு. பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதடைகிறது. தட்டுகளும் சிறு தூண்டலுக்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதயத்திற்குச் செல்லும் குழாயை இரத்தக் கட்டி அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம்.

இதைத் தடுக்க உதவும் மருந்து ஒன்றின் வரலாறு மரப்பட்டையில் தொடங்குகிறது. வில்லோ மரப்பட்டைத் தூள் குளிர்காய்ச்சலைத் தணிப்பதாக எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1763-இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பட்டையிலுள்ள சாலிசின் என்ற கசப்புப் பொருள் 1828-இல் மியூனிக் நகரில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழியாக அறியப்பட்ட சாலிசிலிக் அமிலம் வலியைப் போக்கியது, வயிற்றையும் புண்ணாக்கியது. 1897-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் அந்த அமிலத்துடன் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தார்கள். அதுவே ஆஸ்பிரின்.

பட்டையில் இருப்பதுதானே மாத்திரையிலும் இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். இல்லை! திராம்பாக்சேன் உண்டாவதற்கு ஒரு நொதி வேண்டும். ஆஸ்பிரினின் அசிட்டைல் தொகுதி கழன்று அந்த நொதியில் நிலையாக ஒட்டிக்கொள்கிறது. பூட்டுக்குள் சாவி முறிந்து நின்றதைப் போல. தட்டுகளுக்கு உட்கரு கிடையாது. ஆதலால் அவை புதிய நொதியைச் செய்துகொள்ள முடியாமல், தம் ஆயுளான ஏழு முதல் பத்து நாட்களும் அப்படியே இருக்கின்றன. வில்லோ பட்டையில் இந்த அசிட்டைல் தொகுதி இல்லை. எனவே வில்லோக் கஷாயம் ஆஸ்பிரினுக்கு ஈடாகாது. ஆஸ்பிரின் வேலை செய்யும் முறைக்கு 1971-இல் விளக்கம் தந்த ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் நீரிழிவு உள்ள எல்லோரும் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடலாமா? பிரிட்டனில் இதய நோய் இல்லாத 15,480 நீரிழிவு நோயாளிகளிடம் இதை ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நாள்தோறும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சராசரியாக ஏழரை ஆண்டுகளில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை போலி மாத்திரை உண்டவர்களில் 100-க்கு 9.6 பேருக்கும், ஆஸ்பிரின் உண்டவர்களில் 8.5 பேருக்கும் நேர்ந்தன. ஆனால் குடல், மூளை முதலிய இடங்களில் கடுமையான இரத்தக் கசிவு 3.2 பேரிலிருந்து 4.1 பேராக உயர்ந்தது. கட்டியைத் தடுக்கும் அதே செயல், தேவையான அடைப்பையும் தடுத்துவிடுகிறது அல்லவா? ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குக் கிடைக்கும் நன்மை பெரியது. ஆகவே மருத்துவர்கள் பெரும்பாலும் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்கிறார்கள்.