கற்கும் சில்லும் புளியங்கொட்டையும்

"நேற்றுப் படித்தேன், இன்று மறந்துவிட்டது" என்று தேர்வுக் காலத்தில் முறையிடாத மாணவி நம்மில் யாருண்டு? படித்தது மூளையில் எப்படித் தங்குகிறது என்ற கேள்வி அறிவியலாருக்கும் நெடுங்காலமாக இருந்து வந்ததே. இன்று அவ்வாறே ஒரு சிலிக்கான் சில்லையும் கற்கச் செய்ய முயல்கின்றனர். அம்முயற்சியில் எழும் ஓர் இடர்ப்பாட்டை இங்குக் காண்போம்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஒரு நியூரான் அடுத்ததற்குச் செய்தி அனுப்பும் சந்திப்பே சினாப்ஸ். உயிரியல் பாடத்தில் இதன் படத்தை வரைந்திருப்பீர்கள். அப்படம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. எல்லாச் சினாப்ஸ்களும் ஒரே வலிமை உடையவை அல்ல. அவ்வலிமை பயன்பாட்டால் கூடவும் குறையவும் செய்யும். இதனைச் சினாப்ஸின் நெகிழ்தன்மை என்பர். காவிரி வாய்க்காலின் மதகை நினைத்துக் கொள்ளுங்கள். பலகையை உயர்த்தினால் வயலுக்கு நீர் மிகும், தாழ்த்தினால் குறையும். மூளையில் கற்றல் என்பது கோடானுகோடி மதகுகளைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கும் வேலையே.

இதனைக் கனடா நாட்டு உளவியலார் டொனால்டு ஹெப் 1949இல் ஒரு கருத்தாக வெளியிட்டார். பிளிஸ், லோமோ என்னும் இருவர் 1973இல் முயலின் மூளையில் அதற்குச் சான்று காட்டினர். 1998இல் பீ, பூ என்னும் இருவர் காலக் கணக்கையும் அளந்தனர். அனுப்பும் நியூரான் முந்தி, பெறும் நியூரான் சில மில்லி விநாடிகளில் பிந்தித் துடித்தால் சினாப்ஸ் வலுப்படும். வரிசை மாறினால் நலியும்.

சாதாரணக் கணிப்பொறியில் கணக்கிடும் பகுதி ஓரிடத்திலும் நினைவகம் வேறிடத்திலும் இருக்கின்றன. எண்களை இங்குமங்கும் சுமப்பதிலேயே மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. நம் மூளைக்கோ ஏறத்தாழ 20 வாட் போதும், ஒரு சிறு குண்டு பல்பின் அளவு! ஆகவேதான் மூளையின் அமைப்பையொட்டிய நியூரோமார்ஃபிக் சில்லுகள் தோன்றின. இத்துறைக்கு 1980களில் வித்திட்டவர் அமெரிக்காவின் கார்வர் மீட்.

இனி இடர்ப்பாட்டுக்கு வருவோம். சில்லில் இடம் குறைவு. ஒவ்வொரு சினாப்ஸின் வலிமையையும் நீண்ட தசம எண்ணாக எழுதி வைக்க இயலாது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தார் அமைத்த சில்லில் ஒரு சினாப்ஸுக்கு 4 பிட், அதாவது 16 நிலைகளே உண்டு. திருகு வைத்த மதகை நூலளவும் உயர்த்தலாம். பலகையில் 16 துளைகளிட்டு முளை செருகி நிறுத்தும் மதகாயின், ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத்தான் தாவ முடியும்.

இப்போது ஒரு பாடம் பலகையைக் கால் துளை அளவே உயர்த்தத் தக்கது என்று கொள்வோம். கால் துளைக்கு முளை செருக இடமில்லை; பலகை பழைய இடத்திலேயே நிற்கும். மறுநாள் மீண்டும் கால் துளை; மீண்டும் பழைய இடம். நான்கு பாடத்துக்கு ஒரு துளையாவது ஏறியிருக்க வேண்டும். நாற்பது பாடம் நடத்தினாலும் ஒன்றும் ஏறாது! சிறுகச் சிறுகக் கற்பது முழுவதும் வீணாகிவிடுகிறது.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. முதலில் கேட்பவர்க்குச் சூதாட்டம் போலத் தோன்றலாம். வீட்டில் செய்து பாருங்கள். நான்கு புளியங்கொட்டைகளில் ஒன்றை மட்டும் தரையில் உரைத்து வெள்ளையாக்கி, நான்கையும் ஒரு பையில் போடுங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு முறை கொட்டை எடுத்து, வெள்ளை வந்தால் ஒரு துளை ஏற்றுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். எடுத்ததைப் பையில் திரும்பப் போட வேண்டும். (தடவிப் பார்த்து எடுத்தல் கூடாது!) நாற்பது முறைக்குப்பின் பலகை பத்துத் துளை அளவில் நிற்கும். ஒருவருக்கு எட்டு வரலாம், மற்றொருவருக்குப் பதின்மூன்று வரலாம். ஒரு மதகில் பிழை இருந்தாலும், ஆயிரம் மதகுகளின் கூட்டில் அது பெரும்பாலும் சமனாகிவிடும். இன்டெல் நிறுவனம் 2017இல் அறிவித்த லோய்ஹி என்னும் சில்லில் சினாப்ஸுக்கு 9 பிட் வரை இடமுண்டு. அதிலும் இத்தகைய குலுக்கல் முறையில் முழு எண்ணாக்கும் வசதி உள்ளது.

16 நிலைகள் போதுமா? ஹைடல்பர்க் குழுவினர் இதைக் கணிப்பொறியில் பாவனையாக ஓட்டிப் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். ஒரே நேரத்தில் துடிக்கும் நியூரான்களைக் கண்டறியும் பணிக்கு 4 பிட் போதுமானதாக இருந்தது. எல்லாப் பணிக்கும் போதும் என்று இதனால் கொள்ளலாகாது.

வேறோர் இடர்ப்பாடு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள ஸ்பின்னேக்கர் கணிப்பொறியில் எழுந்தது. அங்குச் சினாப்ஸ் கணக்குகள், மளிகைக் கடைப் பற்று நோட்டில் ஆளுக்கொரு பக்கம் இருப்பதுபோல, அனுப்பும் நியூரானின் பெயரில் உள்ளன. பெறும் நியூரான் துடித்தால் தொடர்புள்ள பக்கங்களை எல்லாம் தேடிப் புரட்டுவது பெரும் வேலை. ஆகவே நேரத்தை மட்டும் குறித்து வைத்து, அனுப்பும் நியூரான் அடுத்து வரும்போது அதன் பக்கத்தைத் திறந்து, பழைய பாக்கியையும் சேர்த்துத் தீர்க்கின்றனர். நம் கடைக்காரர்கள் கண்ட வழிதான்!

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழுவினர், மூலக்கூறுப் படலம் ஒன்றில் ஏறத்தாழ 16,500 மின்கடத்து நிலைகளை அமைத்துக் காட்டி, 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஏறக்குறையத் திருகு மதகே எனலாம். எண்ணிக்கையைவிட வேறொன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். இத்தகைய கருவிகள் பலவற்றில் வலிமையைப் படிப்படியாக ஏற்ற முடிந்தாலும், இறக்கும்போது பலகை தடாலென்று விழுந்துவிடும்; சிறு பிழையைத் திருத்தப் போய்க் கற்றது முழுவதும் அழியும். பெங்களூர்ப் படலத்திலோ ஏற்றமும் இறக்கமும் ஒரே சீரான படிகளில் நிகழ்கின்றன.